செஸ்ட்நட் பாப்: காட்டோரத்துப் பழுப்புத் துள்ளியை அடையாளம் காணும் வழி

காட்டு ஓரத்து ஒற்றையடிப் பாதையில் நடக்கும்போது முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புப் பூச்சி விருட்டென்று எழும்பும். நாலடி தள்ளி ஒரு புல் நுனியில் போய் உட்காரும். கிட்டே போனால் மறுபடி விருட்டு. ஏதோ அந்துப்பூச்சி என்று நினைத்துப் பலர் கடந்து போய்விடுவார்கள். பட்டாம்பூச்சிதான் என்று தெரிந்தவர்களும் குறிப்பேட்டில் 'பழுப்பு ஸ்கிப்பர்' என்று எழுதி முடித்துக்கொள்வார்கள். அப்படி விடுபட்டுப் போகிறவற்றில் முக்கியமானது செஸ்ட்நட் பாப். அறிவியல் பெயர் அயாம்பிரிக்ஸ் சல்சலா. 1860களில் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஃபிரெடெரிக் மூர் விவரித்த இனம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது லூட்டிபால்பிஸ் என்ற துணையினம்.

ஸ்கிப்பர் குடும்பத்தை இங்கே துள்ளி என்றே சொல்கிறோம். உலகம் முழுக்க ஏறத்தாழ 3,500 துள்ளி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் பழுப்புதான். ஆகவே முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இது: பழுப்பு என்பது அடையாளமே அல்ல. பழுப்பின் சாயல்கூட வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். இலைகளின் ஊடே வடிகட்டி வரும் வெளிச்சத்தில் செம்பழுப்பு பாசிநிறமாகத் தெரியும், மாலை வெயிலில் சாதாரணப் பழுப்பு செம்பழுப்பாகத் தெரியும். இனத்தை முடிவுசெய்வது பின்சிறகின் அடிப்பக்கம். அதைப் பார்க்க முடியாவிட்டால் பல நேரம் பெயர் சொல்லவே முடியாது.

முதல் கேள்வி: இது துள்ளிதானா?

உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். மற்றப் பட்டாம்பூச்சிகளுக்கு அது தீக்குச்சித் தலைபோல உருண்டு முடியும். துள்ளிகளுக்கு அந்தத் தடிப்புக்குப் பிறகு நுனி கூராகி, தூண்டில் முள்ளைப்போல வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அந்துப்பூச்சிகளின் கொம்பு பொதுவாக இழைபோலவோ சீப்புபோலவோ இருக்கும். இரண்டாவது அடையாளம், கொம்புகள் இரண்டும் தலையில் ஒன்றுக்கொன்று விலகி முளைத்திருப்பது. தலை மார்பைவிட அகலமாகவோ அதே அகலமாகவோ இருக்கும், கண்கள் பெரியவை. மார்பு தடித்தது, அதற்குள் இருக்கிற தசைதான் அந்த வேகத்துக்குக் காரணம். உடல் பருமனோடு ஒப்பிட்டால் சிறகு சிறியது. அதனால்தான் இது மிதந்து பறப்பதில்லை, எறிந்த கல்போல ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது.

அடுத்தது உட்காரும் விதம். இந்த ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். சிறகு நாலையும் மேசைமேல் விரித்த துணிபோலத் தட்டையாகப் பரப்பி உட்கார்ந்தால் அது ஃப்ளாட் வகை. ஆபத்து என்றால் இலையின் அடிப்பக்கத்துக்குப் போய் அங்கும் விரித்தபடியே ஒட்டிக்கொள்ளும். சிறகு நீண்டு, உடல் பெரிதாக, மூடிய சிறகோடு இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கினால் ஆல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். புங்க மரத்தைச் சுற்றி வருவது அனேகமாக காமன் பேண்டட் ஆல், அதன் புழு புங்க இலை தின்னும். மூன்றாவது கூட்டம் புல்துள்ளிகள். ஓய்வில் சிறகை முதுகுக்கு மேல் மூடி வைத்திருக்கும். வெயில் காயும்போது மட்டும் பின்சிறகைக் கிடையாக விரித்து, முன்சிறகைப் பாதி உயர்த்தி நிறுத்தும். ஓடுபாதையில் நிற்கிற போர்விமானத்தின் சாயல். செஸ்ட்நட் பாப் இந்த மூன்றாவது கூட்டம். இந்தக் கூட்டத்தின் புழுக்கள் புல், மூங்கில், பனை, தென்னை, இஞ்சி, மஞ்சள் முதலிய ஒருவித்திலைத் தாவரங்களையே தின்னும். செடியை வைத்தே பூச்சியைத் தேட இது உதவும்.

செஸ்ட்நட் பாப்பின் முகவரி

விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ 26 முதல் 30 மில்லிமீட்டர். ஒரு சிறகின் நீளம் ஒன்றேகால் சென்டிமீட்டரைச் சுற்றி. சிறகை மூடி உட்கார்ந்திருக்கும்போது வெட்டுக்காயப்பூண்டின் பூத்தலையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பூத்தலை ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரும், பூச்சி அதைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும். அதைவிட இரண்டு மடங்கு இருந்தால் வேறு இனத்தைத் தேடுங்கள்.

மூடிய சிறகின் அடிப்பக்கம் செம்பழுப்பு. பழுத்த புளியங்கொட்டையின் நிறத்துக்கும் துருவின் நிறத்துக்கும் இடைப்பட்டது. அந்தப் பரப்பின் மேல் சில சிறு புள்ளிகள் வெள்ளிபோல மினுங்கும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்பு. முன்சிறகின் நுனிப்பக்கம் ஒன்றிரண்டு வரலாம், பின்சிறகில்தான் தெளிவாக நிற்கும். ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம், வரிசையாகத் தோரணம் கட்டியதுபோல இருக்காது. கறுப்பு விளிம்பு கட்டிய வெள்ளிப்புள்ளி, செம்பழுப்புப் பரப்பு, சிறிய உடல் என்ற மூன்றும் ஒன்றாகப் பொருந்தினால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.

மேற்பக்கம் கரும்பழுப்பு, கிட்டத்தட்ட வெறுமை. ஆணின் முன்சிறகில் மங்கிய செம்மஞ்சள் சாயல் சில இடங்களில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பெண்ணின் முன்சிறகில் சில வெண்புள்ளிகள் இருக்கும். மேற்பக்கத்தை மட்டும் படமெடுத்து வந்து பெயர் கேட்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெண்ணின் வெண்புள்ளியைப் பார்த்து ஸ்விஃப்ட் என்ற துள்ளி வகை என்பார்கள், ஆணின் வெறுமையைப் பார்த்து கூன் என்ற இன்னொரு துள்ளி என்பார்கள். துணையினப் பெயரான லூட்டிபால்பிஸ் என்பதன் பொருள் மஞ்சள் நிறப் பால்ப் கொண்டது. முகத்தின் முன்னால் மயிரடர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புதான் பால்ப். துள்ளியின் முகத்துக்கு நேரே படமெடுத்தால் அது நன்றாகத் தெரியும், ஆனால் பெயர் சொல்ல அதை நம்ப வேண்டாம்.

வயதான பூச்சி தனிச் சிக்கல். சிறகின் நிறம் செதில்களில் இருக்கிறது. புதரில் உரசி உரசிச் செதில் உதிரும்போது முதலில் செம்மை போய்ச் சாம்பல் கலந்த பழுப்பு மிஞ்சும், பிறகு கறுப்பு விளிம்புகள் மங்கும். வெள்ளிப்புள்ளி கடைசிவரை எங்காவது ஒன்றாவது நிற்கும். இடது சிறகில் தேய்ந்திருந்தால் வலது பக்கம் போய்ப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் தேய்வதில்லை.

ஏமாற்றும் மற்றப் பழுப்புகள்

பெயர் ஒற்றுமையால் முதலில் குழப்புவது இந்தியன் பாம் பாப். இதன் பின்சிறகின் அடிப்பக்கம் சாம்பல் கலந்த பழுப்பு, அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். வெள்ளி கிடையாது. புழு தென்னை, ஈச்சை, அலங்காரப் பனைகளைத் தின்பதால் இது ஊருக்குள், வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாக வரும். செஸ்ட்நட் பாப் நிழலும் புல்லும் சேர்ந்த இடத்தை விட்டு அதிகம் வெளியே வராது.

ஸ்விஃப்ட்கள்தான் பெரிய தலைவலி. ரைஸ் ஸ்விஃப்ட், ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட், கன்ஜாய்ண்டு ஸ்விஃப்ட் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. எல்லாமே செஸ்ட்நட் பாப்பைவிடப் பெரியவை, சிறகு கூர்மையானவை. நிறம் பச்சையோ மஞ்சளோ சற்றுக் கலந்த பழுப்பு. முன்சிறகில் இருக்கும் புள்ளிகள் கண்ணாடிபோல ஒளி ஊடுருவக் கூடியவை. பின்னாலிருந்து வெயில் அடிக்கும்போது அந்தப் புள்ளிகள் சன்னல்போல ஒளிர்ந்தால் ஸ்விஃப்ட் பக்கம் சாய்ந்துவிடலாம். பின்சிறகின் அடிப்பக்கத்தில் வரும் வெண்புள்ளிக்குச் செஸ்ட்நட் பாப்பில் உள்ளதுபோன்ற கறுப்பு விளிம்போ உலோக மினுக்கமோ இராது. ஸ்விஃப்ட்களுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க மேற்பக்கத்துப் புள்ளிகளின் எண்ணிக்கை, இடம், ஆணின் முன்சிறகில் சாய்ந்து ஓடும் மணச்செதில் கோடு என எல்லாம் வேண்டும். ஒரே ஒரு பக்கவாட்டுப் படத்தை வைத்துக்கொண்டு அங்கே துணிந்து பெயர் சூட்டுவது வீண். 'ஸ்விஃப்ட் வகை' என்று நிறுத்திக்கொள்வது நேர்மையான பதிவு.

புஷ் ஹாப்பர் அளவில் செஸ்ட்நட் பாப்புக்கு நெருக்கம், புல்வெளியில் பறக்கும் உயரமும் ஒன்றே. ஆனால் ஆணின் மேற்பக்கத்தில் செம்மஞ்சள் திட்டுகள் பளிச்சென்று இருக்கும், அடிப்பக்கம் மஞ்சள் கலந்து கறுப்புத் திட்டுகளோடு இருக்கும். வயல் வரப்பு, ஓடைக்கரை போன்ற ஈரமான புல்தரைகளில் எதிர்பாருங்கள். ஸ்க்ரப் ஹாப்பர்கள் இன்னும் சிறியவை, அடிப்பக்கத்தில் மங்கலான வெளிர் புள்ளிகள் வரிசையாக ஓடும். வரிசை தெரிந்தாலே செஸ்ட்நட் பாப் இல்லை என்று ஆகிவிடும்.

மூங்கில் காட்டில் மூர்ஸ் ஏஸ் என்று ஒன்று வரும். மூங்கிலைச் சுற்றிச் செஸ்ட்நட் பாப்பும் வருமென்பதால் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க நேரும். ஏஸின் பின்சிறகின் அடிப்பக்கத்தில் அகன்ற வெளிர் பட்டை ஒன்று குறுக்கே ஓடும். பட்டை என்றால் ஏஸ், தனித்தனி வெள்ளிப்புள்ளி என்றால் பாப். கூன் என்ற இனம் புள்ளியே இல்லாத கரும்பழுப்பு, அடர்ந்த நிழல்காட்டுக்காரன்.

டீமன் என்ற துள்ளிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிராஸ் டீமனின் பின்சிறகில் பெரிய வெண்திட்டு இருக்கும், ரெஸ்ட்ரிக்டட் டீமனின் முன்சிறகில் வெண்பட்டை இருக்கும். இரண்டின் புழுக்களும் இஞ்சிக் குடும்பச் செடிகளில் வளர்பவை. மஞ்சள் தோட்டத்தில் இலை சுருண்டிருந்தால் உள்ளே கிராஸ் டீமன் புழு இருக்கலாம். அந்திக் கருக்கலில் தென்னை மரத்தருகே வௌவால்குட்டிபோலப் பறக்கும், சிவந்த கண்ணுள்ள பெரிய பழுப்புத் துள்ளி ஜயன்ட் ரெட்ஐ. அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கே, எப்போது

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரக் காடுகள் தேடத் தொடங்க நல்ல இடம். குற்றாலம், ஆனைமலை அடிவாரம், கோவைக்கு மேற்கே சிறுவாணிப் பக்கம் எங்கு போனாலும் காட்டின் நடுப்பகுதியைவிட ஓரத்தைப் பாருங்கள். அடர்ந்த நிழலிலும் இருக்காது, சுட்டெரிக்கும் வெட்டவெளியிலும் இருக்காது. மரநிழல் உடைந்து வெயில் திட்டுத்திட்டாக விழுகிற பாதை ஓரம், மூங்கில் புதரின் அடிவாரம், ஓடைக்கரைப் புல், தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையே வேலியோரம் ஆகியவை அதன் இடங்கள். கேரளத்தின் மரங்கள் நிறைந்த வீட்டு வளாகங்களிலும் வரும். நிழல், புல், கொஞ்சம் வெயில் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

மழை பெய்து புல் தழைத்து நிற்கும் மாதங்களில் எண்ணிக்கை கூடும். தென்மேற்குப் பருவமழை விழும் சரிவுகளில் ஜூலை முதல், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் பக்கங்களில் அக்டோபர், நவம்பரில் மழை விட்டுவிட்டுப் பெய்யும்போது இடைவெளிகளில் போங்கள். கோடையில் புல் காய்ந்த பிறகு ஓடை ஓரம் மட்டுமே மிஞ்சும்.

காலை எட்டரை முதல் பதினொன்றுவரை சிறந்த நேரம். அதற்கு முன் போனால் பூச்சி குளிர்ந்து கிடக்கும், புல்லுக்குள் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பதே கடினம். வெயில் முதலில் விழுகிற திட்டைக் கவனியுங்கள். உடலைச் சூடேற்ற அங்கேதான் வந்து பின்சிறகை விரிக்கும். மேற்பக்கத்தைப் பார்க்க அதுவே தருணம். உடல் சூடான பிறகு சிறகை மூடிவிடும், அப்போது அடிப்பக்கம் கிடைக்கும். நண்பகலில் சுறுசுறுப்பு அதிகமாகி நிலைகொள்ளாமல் அலையும், துரத்திப் பயனில்லை.

பறப்பது தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள். பறக்கும் தூரம் குறைவு, திசை கோணல்மாணலாக மாறும். ஆண்கள் பாதையோரத்தில் ஒரு இலை நுனியைப் பிடித்துக்கொண்டு காவல் இருக்கும். தங்கள் எல்லைக்குள் எந்தச் சிறு பூச்சி பறந்தாலும் துரத்தும், சுழன்று ஏறும், பிறகு அதே இலைக்கோ பக்கத்து இலைக்கோ திரும்பும். இந்தத் திரும்பும் பழக்கம்தான் நமக்குச் சாதகம். எழும்பிப் போனதும் பின்னால் ஓடாதீர்கள். அது உட்கார்ந்திருந்த இலையின் அருகே, நிழல் அதன்மேல் விழாதபடி, குந்தி உட்கார்ந்து இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள்.

பூவுக்கு இறங்கும்போது இன்னும் எளிது. துள்ளிகளின் உறிஞ்சுகுழல் உடல் அளவுக்கு மிக நீளம். தாழ்ந்து பூக்கும் வெட்டுக்காயப்பூண்டு, சீமைநாயுருவி, உண்ணிச்செடி ஆகியவற்றில் தேன் குடிக்கும்போது சில நொடிகளாவது அசையாமல் இருக்கும். பறவை எச்சத்தில் துள்ளி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் அருவருக்க வேண்டாம். பல துள்ளிகள் காய்ந்த எச்சத்தின்மேல் தம் உடலிலிருந்தே ஒரு துளி நீரை விட்டு நனைத்து, கரைந்த உப்பையும் சத்தையும் திரும்ப உறிஞ்சும். அந்த வேலையில் இறங்கிய துள்ளி பல நிமிடம் அதே இடத்தில் இருக்கும். படம் எடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

பெயர் சொல்ல உதவும் படம்

அழகான படமும் அடையாளம் சொல்லும் படமும் வேறு. அடையாளத்துக்குச் சிறகின் பரப்புக்கு நேர் எதிரே லென்ஸ் இருக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் பாதிச் சிறகு கூர்மை இழக்கும், எது புள்ளி எது ஒளித்தெறிப்பு என்று பிரிக்க முடியாது.

முதல் படத்தை ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். பூச்சி பறந்து போனாலும் ஏதோ ஒன்று கையில் இருக்கும். பிறகு ஒவ்வோரடியாக, உடலைத் தாழ்த்தி, பக்கவாட்டாக நகருங்கள். நேர் மேலிருந்து குனிவது பறவை பாய்வதுபோல அதற்குத் தெரியும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கேமராவை வைத்த கையைச் சட்டென்று உயர்த்துவது இன்னொரு தவறு. ஆரம்பத்திலேயே கண்ணருகே வைத்தபடி நகர வேண்டும்.

மேக்ரோ லென்ஸ் இருந்தால் 90 அல்லது 100 மில்லிமீட்டர் வசதி. 60 மில்லிமீட்டராக இருந்தால் மிக அருகே போக வேண்டியிருக்கும், துள்ளி அதற்கு இடம் தராது. துளை எஃப் 8 முதல் எஃப் 11 வரை, வேகம் 1/500 நொடிக்குக் குறையாமல். நிழலில் வேகத்தைக் காப்பாற்ற ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவை) 800, 1600 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். கொஞ்சம் மணல்மணலாக இருந்தாலும் புள்ளிகள் தெரியும், அசைந்து கலங்கிய படத்தில் எதுவும் தெரியாது. கேமராவின் வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) -1/3 அல்லது -2/3 என்று வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிப்புள்ளி வெளுத்துப் பரவி, சுற்றியிருக்கும் கறுப்பு விளிம்பை விழுங்கிவிடும். விளிம்பு போனால் ஸ்விஃப்டின் வெண்புள்ளிக்கும் இதற்கும் வித்தியாசம் போய்விடும். ஃப்ளாஷ் நேராக அடித்தாலும் இதே கதைதான். போதாக்குறைக்கு, துள்ளிகளின் எதிர்வினை மிக வேகம். சில நேரம் வெளிச்சத்தைக் கண்டே எழும்பி, படத்தில் வெறும் இலையோ மங்கிய கோடோ மட்டும் மிஞ்சும்.

கைபேசியில் எடுப்பவர்கள் ஒட்டிக்கொண்டு போக முயல வேண்டாம். 30 முதல் 40 சென்டிமீட்டர் தூரத்தில் நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்துவிட்டு, பிறகு வெட்டிக்கொள்ளலாம். கைபேசி தானாகப் பின்னணிப் புல்லைக் குவியமாக்கும் பழக்கம் உடையது. ஆகவே பூச்சியின் அருகே உள்ள இலையை முதலில் தொட்டுக் குவியத்தைப் பூட்டுங்கள்.

எடுக்க வேண்டிய வரிசை: முதலில் மூடிய சிறகின் அடிப்பக்கம், பிறகு எதிர்ப்பக்கத்து அடிப்பக்கம், பிறகு விரித்த மேற்பக்கம், கடைசியில் உணர்கொம்பு தெரியும்படி தலை. முதலாவது கிடைத்தாலே வேலை முடிந்தது. படம் வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்கள் இரண்டு மீட்டருக்கு உள்ளேயும் குவியும் இருநோக்கியை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பறவை நோக்கும் கருவிகள் பலவும் அவ்வளவு கிட்டே குவிவதில்லை.

பெயர் தெரிவதற்காகப் பூச்சியை வலையில் பிடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சிறகு மிகச் சிறிது, விரலில் பிடித்தாலே செதில் உதிர்ந்து, பார்க்க வந்த அடையாளமே அழிந்துவிடும். காப்புக்காடு, சரணாலயம் ஆகியவற்றுக்குள் நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும். அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம். அனுமதி தேவைப்படாத சாலையோரமும் ஓடைக்கரையும் இந்த இனத்துக்குப் போதும்.

புழுவைத் தேடினால்

முதிர்ந்த பூச்சி கிடைக்காத நாளில் இலையைப் பாருங்கள். பெண் புல், மூங்கில் இலைகளில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். முட்டை கவிழ்த்த கிண்ணம்போல, அடி தட்டையாக இருக்கும். புழு வெளிவந்ததும் இலையின் விளிம்பை மடித்து, இழையால் தைத்து, சிறு குழாயாக்கி உள்ளே இருந்துகொள்ளும். வெளியே தலையை நீட்டி அக்கம்பக்கத்தை மேயும். வளர வளரப் பழைய குழாயை விட்டுப் பெரிய இலையில் புதுக் குழாய் செய்யும். ஆகவே ஒரே செடியில் வெவ்வேறு அளவில் நாலைந்து குழாய் இருந்தாலும் உள்ளே ஒரே புழு இருப்பது சாதாரணம். பழுத்துக் காய்ந்த குழாயைப் பிரிக்காதீர்கள், பச்சையாக இருப்பதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும்.

துள்ளிப் புழுவை அடையாளம் காண்பது எளிது. பெரிய தலை, அதற்குப் பின்னால் கழுத்துபோல ஒடுங்கிய பகுதி, பிறகு வெளிர் பச்சை உடல். எச்சம் குழாய்க்குள் சேராது. உடலின் பின்முனையில் இருக்கும் சீப்புபோன்ற அமைப்பால் புழு தன் எச்ச உருண்டையைத் தன் நீளத்தைப்போலப் பல மடங்கு தூரத்துக்குச் சுண்டி எறியும். எச்ச வாசனையைப் பிடித்து வரும் குளவிகளை ஏமாற்றும் உபாயம் அது. அதனால் குழாயின் கீழே தரையில் எச்சம் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. ஆனால் புழுவை மட்டும் பார்த்துச் செஸ்ட்நட் பாப் என்று சொல்லிவிட முடியாது. ஒரே மூங்கில் புதரில் ஏஸும் வேறு சிலவும் இதேபோலக் குழாய் செய்யும்.

உறுதி செய்ய வளர்த்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் சொந்த நிலத்திலோ தோட்டத்திலோ கிடைத்த புழுவாக இருந்தால். குழாயோடு இலையை வெட்டி, மூடியில் மெல்லிய துணி கட்டிய டப்பாவில் வையுங்கள். ஒரு டப்பாவில் ஒரு புழு. அடியில் காகிதக் கைக்குட்டை விரித்துத் தினம் மாற்றுங்கள். இலையை நீரில் நனைத்துப் போடுவது நல்லது என்று நினைத்துப் பலர் புழுவைக் கொன்றுவிடுகிறார்கள். துளித்துளியாக ஈரம் நின்றால் இரண்டே நாளில் பூஞ்சை வரும். மூங்கில் இலை வெட்டியதும் சீக்கிரம் சுருண்டுகொள்ளும், ஆகவே தண்டின் வெட்டுமுனையில் ஈரப்பஞ்சு சுற்றி வையுங்கள், இலைப்பரப்பு காய்ந்தே இருக்கட்டும். பழைய குழாயைப் பிரித்துப் புழுவை எடுத்துப் புது இலையில் வைக்க வேண்டாம், புது இலையைப் பக்கத்தில் வைத்தால் அதுவே மாறிக்கொள்ளும்.

கூட்டுப்புழுவும் குழாய்க்குள்ளேயே இருக்கும். சிறு துள்ளிகளில் முட்டையிலிருந்து பட்டாம்பூச்சிவரை பொதுவாக ஒரு மாதத்தைச் சுற்றி ஆகும், குளிர்ந்த நாட்களில் இழுக்கும். கூட்டுப்புழு கறுத்துப்போய்ச் சிறு துளை வழியே குளவிகள் வெளிவந்தால் வளர்ப்பில் தவறு இல்லை. புழு டப்பாவுக்கு வருமுன்பே ஒட்டுண்ணி முட்டையிட்டிருக்கிறது. அந்தக் குளவியையும் படமெடுத்துப் பதிவிடுங்கள், எந்தத் துள்ளியில் எந்த ஒட்டுண்ணி வளர்கிறது என்ற தகவல் குறைவாகவே கிடைக்கிறது. பட்டாம்பூச்சி வெளிவந்தால் சிறகு காய்ந்து விறைப்பாகும்வரை தொடாமல் விட்டு, அடிப்பக்கத்தைப் படமெடுத்து, புழு எடுத்த இடத்திலேயே காலை வெயிலில் விடுங்கள். அறைக்குள் பறக்கவிட்டால் கண்ணாடியில் மோதிச் சிறகு கிழியும்.

பதிவு

உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ பட்டாம்பூச்சிகளுக்கென இந்தியாவில் இயங்கும் தளங்களிலோ ஏற்றும்போது நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு உயரத்தையும் எழுதுங்கள். எந்தப் பூவில் இருந்தது, வெயில் காய்ந்ததா, முட்டையிட்டதா என்ற ஒரு வரியும் வேண்டும். பெண் ஒன்று புல்லில் முட்டையிடுவதைப் பார்த்தால் அந்தப் புல்லையும் தனியாகப் படமெடுங்கள். கதிர், கணு, இலையும் இலையுறையும் சேரும் இடம் ஆகிய மூன்றும் இல்லாமல் புல்லுக்குப் பெயர் சொல்ல முடியாது. செப்டம்பர் மாதத்தில் நாடு முழுக்கப் பெருவண்ணத்துப்பூச்சி மாதம் என்ற பெயரில் 2020 முதல் கணக்கெடுப்பு நடக்கிறது. அந்த மாதத்தில் துள்ளிப் படங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இணையத்தில் அதிகம் பேர் இருப்பார்கள்.

கணினி தானாகப் பரிந்துரைக்கும் பெயரை அப்படியே ஏற்க வேண்டாம். பழுப்புத் துள்ளி என்றாலே அது எளிதில் ஏதாவது ஒரு ஸ்விஃப்டின் பெயரை முன்னால் நீட்டும். படத்தைப் பெரிதாக்கி, பின்சிறகின் அடிப்பக்கத்தில் கறுப்பு விளிம்பு கட்டிய வெள்ளிப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். தெரியாவிட்டால் குடும்பப் பெயரோடு விட்டுவிடலாம், பின்னால் வேறொருவர் பார்த்துச் சரியான பெயரைச் சேர்ப்பார்.